எண்ணெய்க்கும் ஆயுள் உண்டு

தைப்பொங்கலும் சித்திரைப் புத்தாண்டும் தீபாவளியும் நெருங்கும்போது நம் இல்லங்களில் முதலில் அடுப்பேறுவது எண்ணெய்த் தாச்சியே. முறுக்கு, வடை, சீனி அரியதரம், பயற்றம் பணியாரம் என்று தமிழர் வீட்டிலும், கொக்கிஸ், கொண்டைப் பணியாரம் என்று சிங்கள அயலவர் வீட்டிலும் பலகாரங்கள் பொரிந்து எழும். அந்நாட்களில் கண்டி நகரின் மேட்டுத் தெருக்களில் நடந்து செல்வோர், எந்த வீட்டில் என்ன பொரிகிறது என்பதை மணத்தைக் கொண்டே சொல்லிவிடலாம்.

பலகாரமெல்லாம் தகரப் பெட்டிகளில் அடைபட்ட பின்னர், தாச்சியிலே பாதியளவு எண்ணெய் எஞ்சி நிற்கும். அதனைக் கொட்டிவிட மனம் வருவதில்லை. எடுத்து வைத்து மீண்டும் பயன்படுத்தவோ சிறிது அச்சம். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் எண்ணெய் விலை ஏறியதையும், 2024ஆம் ஆண்டின் இறுதியில் தேங்காய்க்கே தட்டுப்பாடு உண்டானதையும் கண்ட குடும்பத் தலைவிக்கு அரைப் போத்தல் எண்ணெயும் அரும்பொருளாகும். அதே வேளையில், கெட்ட எண்ணெயிற் பொரித்ததைப் பிள்ளைகளுக்கு ஊட்டி மிச்சம் பிடிப்பது மிச்சமாகாது. ஆகவே, எண்ணெயை நெடுநாள் கெடாது பேணுவது எப்படி, எந்நிலையில் அதனைக் கைவிடுவது என்னும் இரண்டையும் ஒருங்கே ஆராய்தல் நன்று.

தாச்சிக்குள் நடப்பது என்ன?

எண்ணெய் என்பது எள்ளின் நெய். அந்தப் பெயரே பின்னர் பொதுப்பெயராகித் தேங்காய்க்கும் நிலக்கடலைக்கும் உரியதாயிற்று. எள்ளின் நெய்யோ நல்லெண்ணெய் என்னும் சிறப்புப் பெயரைப் பெற்றது. எவ்வித்திலிருந்து வந்ததாயினும் எண்ணெய்களின் அமைப்பு ஒன்றுதான். கிளிசரின் என்னும் பொருளோடு மூன்று கொழுப்பமிலங்கள் இணைந்து நிற்பதே எண்ணெயின் அணுத்திரள். கொழுப்புகள் இவ்வாறு ஆக்கப்பட்டவை என்பதை விரிவாக ஆராய்ந்து, 1823ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் செவ்ரேல் என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞர்.

இந்த இணைப்பைக் குலைக்கும் பகைவர் மூவர்: நீர், காற்று, மிகு வெப்பம்.

வடை மாவிலுள்ள நீர் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாகி வெளியேறும்போது, அதில் ஒரு சிறு பகுதி எண்ணெயைத் தாக்கிக் கொழுப்பமிலங்களைப் பிரித்து விடுகின்றது. இதனை நீர்ப்பகுப்பு என்பர். பிரிந்த அமிலம் பெருகப் பெருக, எண்ணெய் முன்னையினும் குறைந்த சூட்டிலேயே புகையத் தொடங்கும். காற்றிலுள்ள ஒட்சிசன் எண்ணெயோடு சேர்வது ஒட்சியேற்றம். தொண்டையைப் பிடிக்கும் காறலும் சிக்கு நாற்றமும் இதனால் வருவன. மூன்றாவதாக, கடும் வெப்பத்திலே எண்ணெயின் அணுத்திரள்கள் ஒன்றோடொன்று பிணைந்து பெருந்திரள்களாகின்றன. இது பல்பகுதியாக்கம் எனப்படும். பழைய தாச்சியின் விளிம்பிலே தேய்த்தாலும் போகாத பழுப்புநிறப் பிசின் ஒன்று படிந்திருக்கக் காண்கிறோமல்லவா? அது இவ்வாறு பிணைந்த எண்ணெயே.

எண்ணெயைப் பேணும் வழிகள் யாவும் இம்மூவரையும் இயன்ற அளவு விலக்கி வைக்கும் வழிகளே. இதனை மனத்திற் கொண்டால், மற்றவற்றை ஒவ்வொருவரும் தாமே ஊகித்துக் கொள்ளலாம்.

தேங்காய் எண்ணெயின் குணம்

நம் நாட்டுச் சமையலில் முதலிடம் பெறுவது தேங்காய் எண்ணெய். கண்டிக்கு வடமேற்கே குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களை அளாவிய தென்னை முக்கோணம் அதன் தாயகம். எசல பெரஹராவின்போது கண்டி வீதிகளில் ஏந்தி வரும் தீவட்டிகளில் சுடர்விட்டு எரிவதும் கொப்பராவே.

இவ்வெண்ணெயில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய கொழுப்பு. நிரம்பிய கொழுப்பில் ஒட்சிசன் எளிதிற் பற்றிக்கொள்ள இடமில்லை. ஆதலால் சூரியகாந்தி, சோயா எண்ணெய்களைப் போல இது விரைவிற் காறுவதில்லை. ஆனால் இதற்கு வேறொரு பலவீனம் உண்டு. இதன் கொழுப்பமிலங்களில் ஏறக்குறைய பாதி லோரிக் அமிலமாகும். நீர்ப்பகுப்பினால் அது பிரியுமாயின் எண்ணெய்க்குச் சவர்க்காரச் சுவை வந்துவிடும். எனவே தேங்காய் எண்ணெயை ஆள்வோர் காற்றினும் ஈரத்திற்கே மிகுதியாக அஞ்சுதல் வேண்டும். நல்லெண்ணெய்க்கோ இயற்கையே ஒரு காவலைத் தந்துள்ளது. எள்ளிலுள்ள சில பொருள்கள் ஒட்சியேற்றத்தைத் தடுத்து நிற்கின்றன.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்தல் அவசியம். தேங்காய் எண்ணெய் சூட்டைத் தாங்கும் என்பதனால் அதனை அளவின்றி உண்ணலாம் என்று கொள்ளற்க. நிரம்பிய கொழுப்பு மிகுந்த உணவு இரத்தத்திலே தீய கொலஸ்திரோலைக் கூட்டும் என்பது மருத்துவர் கண்ட உண்மை. பொரித்த பண்டம் பண்டிகைக்கு உரியது. நாள்தோறும் உண்பதற்கு உரியதன்று.

வாங்கும்போதே தொடங்கும் காவல்

எண்ணெயின் ஆயுள் கடையிலேயே பாதி தீர்மானிக்கப்படுகின்றது. சரியாக உலராத கொப்பராவில் பூஞ்சணம் பிடிக்கும். அதிலிருந்து பிழிந்த எண்ணெயில் பிரிந்த அமிலம் தொடக்கத்திலேயே மிகுந்திருக்கும். இப்பூஞ்சணத்துள் ஒருவகை அஃபிளாடொக்சின் என்னும் நஞ்சையும் உண்டாக்கும். 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இறக்குமதியான சுத்திகரிக்கப்படாத தேங்காய் எண்ணெயில் இந்நஞ்சு காணப்பட்டு, அது திருப்பி அனுப்பப்பட்டது பலர்க்கும் நினைவிருக்கும். இது புற்றுநோய்க்குக் காரணமாகும் நஞ்சு. வீட்டுச் சமையலின் சூட்டிற்கு இது அழிவதுமில்லை. ஆகவே நம்பத்தக்க இடத்தில், தேவைக்கேற்ற அளவில், புதிய எண்ணெயை வாங்குவதே முறை.

அளந்து விற்கும் எண்ணெயை வாங்கப் போத்தல் கொண்டு செல்வோர் அதனைக் கழுவி நன்றாக வெயிலிற் காயவிட்டுக் கொண்டு செல்க. அடியில் நிற்கும் நீர்த்துளியும் கேடு. அடியில் நிற்கும் பழைய எண்ணெய் அதனினும் கேடு. பாலிலே சிறிது உறைமோர் இட்டால் பால் முழுதும் தயிராவதுபோல, காறிய எண்ணெயின் மிச்சம் புதிய எண்ணெய் முழுவதையும் விரைந்து காறச் செய்யும்.

பொரிக்கும் வேளையில்

சூடு அளவோடு இருத்தல் முதல் விதி. பொரித்தலுக்கு 170 முதல் 180 பாகை செல்சியஸ் போதுமானது. வெப்பமானி இல்லாத இல்லங்களில் மாவைச் சிறு துளியாக விட்டுப் பார்க்கலாம். துளி அடிக்குச் சென்று உடனே குமிழிகளோடு மேலே வந்தால் பதம் சரி. அடியிலேயே தங்கினால் சூடு போதாது. அப்போது இடும் பண்டம் எண்ணெயைக் குடித்துவிடும். இட்டவுடன் கருகினால் சூடு மிகுதி. எண்ணெயில் புகை எழுவது நல்ல சகுனம் அன்று. கண்ணைக் கரிக்கும் அப்புகை கிளிசரின் சிதைவதால் வருவது. எண்ணெய் அழிந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

இட வேண்டிய பண்டம் உலர்ந்திருத்தல் இரண்டாம் விதி. மரவள்ளி, ஈரப்பலா, உருளைக்கிழங்கு ஆகியவற்றைச் சீவிக் கழுவிய பின்னர் துணியில் ஒற்றி எடுத்தே தாச்சியில் இடுதல் வேண்டும். நீர் ஆவியாகும்போது ஆயிரத்து அறுநூறு மடங்குக்கும் மேலாக விரிவடைகின்றது. ஈரமான சீவல் இட்டவுடன் எண்ணெய் சீறித் தெறிப்பது இதனாலேயே. உப்பையும் மிளகாய்த்தூளையும் பொரித்து எடுத்த பின்னர் தூவுவதே நன்று. முன்னரே தூவினால் உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். தூள் தாச்சியில் உதிர்ந்து கருகும்.

மூன்றாவது, உதிரியை உடனுக்குடன் அரித்து எடுத்தல். "எள்ளுக் காய்கிறது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை காய்கிறது எதற்கு?" என்பது பழமொழி. வடை பொரிகிறது உண்பதற்கு. உதிர்ந்த மாவும் பருப்பும் வெங்காயத் துண்டும் கிடந்து பொரிவது எதற்கு? உணவகங்களிலுள்ள மின்பொரிகலன்கள் சிலவற்றில் சூடேற்றும் கம்பி நடுவே இருக்கும். அதன் கீழே சூடு குறைந்த பகுதி ஒன்று இருப்பதால் உதிரிகள் அங்கே வீழ்ந்து கருகாது கிடக்கும். நம் தாச்சியோ குழிந்த அடியை உடையது. உதிரிகள் சென்று சேருமிடம் நெருப்புக்கு நேர் மேலே, சூடு மிகுந்த இடம். ஒவ்வோர் ஈடு எடுத்த பின்னும் துளைக்கரண்டியால் ஒரு முறை அரித்து எடுப்போமாயின் எண்ணெய் கறுக்கும் வேகம் பெரிதும் தணியும்.

நான்காவது, பொரிக்கும் வரிசை. ஒரே நாளில் பலவற்றைப் பொரிப்பதாயின் அப்பளம், மிளகாய் வற்றல் போன்ற உலர்ந்தவற்றை முதலிலும், முறுக்கை அடுத்தும், ஈரமாவு கொண்ட வடையை அதன் பின்னும் இடுக. மச்சம் சமைக்கும் இல்லங்களில் மீன் பொரிப்பது இறுதியில் வரட்டும். மீனின் சொந்த எண்ணெய் மிக எளிதில் ஒட்சியேறுவது. அது கலந்த எண்ணெயை மற்றொன்றுக்கு எடுத்து வைத்தல் தகாது.

ஐந்தாவது, தாச்சியை வெறுமனே காயவிடாமை. பண்டம் பொரியும்போது எழும் நீராவி எண்ணெயின் மேல் ஒரு போர்வை போல நின்று காற்றை ஓரளவு தடுக்கின்றது. பண்டம் இல்லாது எண்ணெய் மட்டும் காயும்போது அப்போர்வையும் இல்லை. அடுத்த ஈட்டுக்கு மாவு ஆயத்தமாகவில்லையெனில் அடுப்பைத் தணித்து வைக்க. சூடேற்றுவதும் ஆறவிடுவதுமாகப் பலமுறை செய்வதிலும், ஆயத்தமெல்லாம் செய்துகொண்டு ஒரே மூச்சில் பொரித்து முடிப்பது எண்ணெய்க்கு நலம்.

இருவகை எண்ணெயைக் கலந்து பொரிப்பதும் ஆகாது. தேங்காய் எண்ணெயோடு வேறு எண்ணெய் கலந்தால் அது நுரைத்துப் பொங்கும். நெருப்பண்டையில் பொங்கும் எண்ணெய் பேராபத்து. தப்பித்தவறி எண்ணெய் தீப்பற்றினால் ஒருபோதும் நீர் ஊற்றற்க. அடுப்பை அணைத்து, தட்டையான மூடியால் தாச்சியை மூடிவிடுதலே வழி.

பொரித்து முடித்த பின்

அடுப்பை அணைத்தவுடன் தாச்சியை மூடியால் மூடுவது பலர் வழக்கம். அவ்வாறு செய்தால் ஆவி மூடியிற் படிந்து நீர்த்துளியாகி எண்ணெயிலேயே விழும். மெல்லிய துணி ஒன்றால் மூடி, பிள்ளைகள் கைபடாத இடத்தில் ஆறவிடுக.

ஆறினாலும் முற்றாகக் குளிர விடலாகாது. கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 500 மீற்றர் உயரத்தில் உள்ளது. மார்கழி, தை மாதங்களின் இரவில் சூடு 20 பாகைக்கும் கீழே இறங்குவதுண்டு. தேங்காய் எண்ணெயோ 24 பாகையளவிலேயே உறையத் தொடங்கிவிடும். நுவரெலியாப் பக்கத்து வீடுகளைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. உறைந்த பின் வடிக்க இயலாது. வடிப்பதற்கென்றே மீண்டும் சூடேற்ற நேரும். ஆதலின் கை பொறுக்கும் இளஞ்சூட்டில், உலர்ந்த நெருக்கமான பருத்தித் துணியில் இரண்டாக மடித்து வடித்து விடுக. அடியில் நிற்கும் வண்டலை ஊற்றாது விடுக.

வடித்த எண்ணெயைக் கண்ணாடிப் போத்தலிலோ துருவேறா உருக்குக் கலத்திலோ கழுத்துவரை நிரப்பி இறுக மூடுக. செம்பும் பித்தளையும் இரும்பும் ஒட்சியேற்றத்தைத் தூண்டுவன. அவற்றில் எண்ணெயைச் சேமித்தல் தவறு. பெரிய போத்தலில் கால்பங்கு எண்ணெய் இருந்தால் முக்கால்பங்கு காற்று இருக்கிறது என்று பொருள். சிறு போத்தலுக்கு மாற்றிவிடுக. அடுப்பின் அருகும் வெயில் படும் சன்னலும் எண்ணெய் வைக்கும் இடங்கள் அல்ல. இருண்ட அலுமாரி நன்று. குளிர்சாதனப் பெட்டி அதனினும் நன்று. அங்கே தேங்காய் எண்ணெய் கட்டியாகும், அதனால் குறைவொன்றுமில்லை.

மாணவர்கள் இவ்வுண்மையைத் தாமே சோதித்துக் காணலாம். ஒரே சூரியகாந்தி எண்ணெயைச் சம அளவான இரு சிறு கண்ணாடிப் போத்தல்களில் எடுத்து, ஒன்றைக் கழுத்துவரை நிரப்பி இருட்டிலும், மற்றொன்றைப் பாதியளவு நிரப்பிச் சன்னலோரத்திலும் வைத்துச் சில வாரங்கள் கழித்து மோந்து பார்க்கட்டும். மூக்கே முடிவைச் சொல்லிவிடும்.

அப்பளம் மட்டும் பொரித்த எண்ணெயைச் சில நாட்களுக்குள் கறி தாளிக்கப் பயன்படுத்தித் தீர்த்துவிடுவது நம் மூதாட்டியர் வழக்கம். சேமிப்பதிலும் சிறந்தது தீர்ப்பது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். தேவைக்கு மேல் தாச்சியில் ஊற்றாதிருப்பது அதனினும் சிறந்தது.

கைவைத்தியங்கள்

எண்ணெய் நுரைத்தால் சிறிது புளியையோ ஒரு வெற்றிலையையோ இடும் வழக்கம் உண்டு. செக்கிலாட்டிய புதிய எண்ணெயில் இயற்கையான பசைப்பொருள் இருப்பதால் அது முதலில் நுரைப்பது இயல்பு. அதற்கு இவ்வழக்கத்தைக் குறைகூற வேண்டியதில்லை. ஆனால் பலமுறை பொரித்த எண்ணெய் நுரைப்பது வேறு. அந்நுரை எண்ணெய் சிதைந்தது என்று அறிவிக்கும் மணியோசை. அதனைப் புளியிட்டு அடக்குதல், மணியின் நாவைக் கட்டிவிட்டு ஆபத்து நீங்கிற்று என்று இருப்பதற்கு ஒப்பாகும்.

சோளமாவைக் கொண்டு எண்ணெயைத் தெளிய வைக்கும் முறை ஒன்றும் உண்டு. ஆறிய எண்ணெய் ஒரு கோப்பைக்கு, கால் கோப்பை நீரில் கரைத்த ஒரு மேசைக்கரண்டி சோளமா என்னும் கணக்கிற் சேர்த்து, மிக மெல்லிய சூட்டில் கொதிக்கவிடாது கிளறினால் பத்து நிமிடங்களில் மா கட்டியாகும். உதிரிகள் அதனுள் அகப்பட்டுக்கொள்ளும். பின்னர் வடித்தால் எண்ணெய் தெளிந்திருக்கும். சூடான எண்ணெயில் இக்கரைசலை ஊற்றினால் பெருந்தீங்கு விளையும் என்பதை மறவற்க. இம்முறை அகற்றுவது உதிரிகளை மட்டுமே. பிரிந்த அமிலமும் பிணைந்த பிசினும் தெளிந்த எண்ணெயிலும் அப்படியே இருக்கும். கெட்ட எண்ணெயைப் புதியதாக்கும் வித்தை எந்த அடுக்களையிலும் இல்லை.

விடைகொடுக்கும் வேளை

எத்தனை முறை பயன்படுத்தலாம் என்று பலர் வினவுவர். அப்பளம் பொரித்ததும் மீன் பொரித்ததும் ஒன்றல்ல. ஆகையால் ஒரே எண்ணிக்கையில் விடை கூற இயலாது. குறிகளைக் கொண்டே அறிதல் வேண்டும். முன்பு புகையாத சூட்டிலே இப்போது புகைகிறதா? ஆற்றும்போது தேன்போல இழுபடுகிறதா? நல்ல எண்ணெயில் குமிழிகள் பெரியனவாய் எழுந்து உடனே உடையும். இதிலோ பொடிநுரை திரண்டு அடங்காது நிற்கிறதா? காறல் அல்லது சவர்க்காரச் சுவை உண்டா? இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அந்த எண்ணெய் தன் கடமையை முடித்துவிட்டது. நிறத்தை மட்டும் நம்பலாகாது. நன்கு சிவக்கும் பண்டங்கள் நல்ல எண்ணெயையும் நிறம் மாற்றும்; கெட்ட எண்ணெய் சிலவேளை வெளிறியும் இருக்கும்.

கெடத் தொடங்கிய எண்ணெயில் புதிய எண்ணெயைச் சேர்த்துச் சமாளிப்பது வீண்செலவு. இரண்டும் சேர்ந்து கெடுவதே அதன் பயன்.

வணிகத்துக்கு இத்தகைய மதிப்பீடு போதாது. சிதைந்த எண்ணெயிற் பெருகும் பொருள்களை முனைவுச் சேர்வைகள் என்பர். அவை நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டிய எண்ணெயை உணவுக்குப் பயன்படுத்தலாகாது என்று இந்தியா 2018 யூலை 1ஆந் திகதி முதல் விதித்துள்ளது. ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் இதையொத்த எல்லை உண்டு. நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களும் உளர். எனினும் பேருந்துக்குக் காத்திருக்கும் வேளையில் வடையும் றோல்ஸும் வாங்கும் மாணவர்க்குத் தம் கண்ணே முதற் பரிசோதகர். கடைத் தாச்சியிலே கறுத்த நுரை ததும்பக் கண்டால் அன்று பசியோடு வீடு சேர்வதே மேல்.

எங்கே கொட்டுவது?

கெட்ட எண்ணெயைக் குழாயடியில் ஊற்றிவிடுவோர் பலர். கண்டிச் சூழலில் இது மிகவும் தவறான செயல். இங்குள்ள குளிரில் தேங்காய் எண்ணெய் வடிகானுக்குள்ளேயே உறைந்து பற்றிக்கொண்டு வழியை அடைத்துவிடும். அடைக்காது சென்றதும் நல்லிடம் சேர்வதில்லை. கண்டி வாவியிலிருந்து புறப்பட்டு நகரின் ஊடே செல்லும் மெத எல என்னும் கால்வாய் நகரத்து அழுக்கைச் சுமந்து கட்டம்பேயில் மகாவலி கங்கையோடு கலக்கின்றது. நீர்மேற் படரும் எண்ணெய்ப் படலம் காற்றை நீருள் நுழைய விடாது. மீனினம் மூச்சின்றித் தவிக்கும். அந்தக் கங்கையே நம் குடிநீர்க்கும் ஆதாரம் அன்றோ?

குளிரிலே உறையும் அதே குணம் இங்கே நமக்கு உதவியாகின்றது. பயனற்ற தேங்காய் எண்ணெயைப் பழைய தகரத்தில் ஊற்றி உறையவிட்டு, கட்டியாகக் குப்பையிற் சேர்க்கலாம். உறையாத எண்ணெயை மரத்தூளிலோ தென்னந்தும்புத் தூளிலோ ஊறவிட்டுப் பொதிந்து எறியலாம். இந்தியாவில் 2018ஆம் ஆண்டிலிருந்து உணவகங்களின் கழிவெண்ணெயைத் திரட்டி வண்டிகளுக்கான எரிபொருளாக மாற்றும் திட்டம் நடைபெறுகின்றது. விடுதிகளும் சிற்றுண்டிச்சாலைகளும் நிறைந்த கண்டி போன்ற நகரங்களுக்கும் அத்தகைய வழி ஏற்றதே.

தொகுத்துக் கூறின், எண்ணெயைச் சிக்கனமாக ஆள்வது தாச்சியை அடுப்பேற்றுமுன் தொடங்குகின்றது. உலர்ந்த போத்தல், உலர்ந்த பண்டம், அளவான சூடு, அரித்தெடுக்கும் கரண்டி, இளஞ்சூட்டில் வடிக்கும் துணி, இருண்ட அலுமாரி ஆகிய இவை அதிகச் செலவில்லாதவை. இவற்றைக் கைக்கொள்ளும் இல்லத்தில் எண்ணெய் தன் முழு ஆயுளும் உழைக்கும். ஆயுள் முடிந்த எண்ணெயைத் தயங்காது கைவிடுவதும் அதே சிக்கனத்தின் பகுதியே. அன்று கொட்டும் கால்போத்தல் எண்ணெயின் விலை, பின்னர் மருந்துக்கு ஆகும் செலவினும் மிகச் சிறிது.